கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்

ஹார்லன் டோபின்ஸ் சுடப்பட்டு விழும்போது இடது தோள்தான் முதலில் தரையைத் தொடும். பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. தொப்பி மட்டும் தனியாக, கொஞ்சம் தள்ளிப் போய் விழும். அப்படி விழ வேண்டுமென்றால் குண்டு படுகிற கணத்தில் நெற்றியை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்ட வேண்டும். பார்ப்பவர்கள் அது குண்டின் வேகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஹார்லனின் நெற்றி.

கால் நூற்றாண்டு அவர் அப்படி விழுந்தார். குதிரையிலிருந்தும் கூரையிலிருந்தும் மதுக்கடை மாடிப்படியிலிருந்தும் விழுந்தார். கௌபாய்க் கதைகள் ஓய்ந்து போலீஸ் கதைகள் வந்த பிறகு கார்க் கதவைத் திறந்துகொண்டு விழுந்தார். தொலைக்காட்சித் தொடர்களில் கதை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவன் செத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச நேரத்துக்குக் கதாநாயகனுக்கு வேலை இருக்காது. அந்த ஒருவன் பெரும்பாலும் ஹார்லன். படப்பிடிப்பு ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மூணு நிமிஷம்’.

நான் மைக் பிடிப்பவன். நீளமான கழியின் நுனியில் மைக்கை மாட்டி, படத்தில் தெரியாத உயரத்தில் நடிகர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பது என் தொழில். சினிமா நகரின் ஓரத்தில், வான் நைஸில், ஹார்லன் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. அதனால் அவரை வேலையிலும் பார்த்தேன், புல் வெட்டும்போதும் பார்த்தேன்.

தெருவில் யாராவது கேட்பார்கள்: “என்ன ஹார்லன், இந்த வாரம் எப்ப சாவு?”

“வியாழக்கிழமை எட்டு மணிக்கு. சீக்கிரம் சாப்ட்டு உக்காருங்க. லேட்டா டிவியைப் போட்டா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

கன்சாஸில் கோதுமைக் காட்டில் பிறந்தவர். உலகப் போர் முடிந்து ராணுவ உடையோடு ரயிலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவர், திரும்பிப் போகவில்லை. பெட்ரோல் பங்கில் நின்றார், வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். குதிரை ஏறத் தெரிந்ததால் சினிமாவில் கூட்டத்தில் ஒருவராக நிற்க வாய்ப்புக் கிடைத்தது. குதிரையிலிருந்து விழவும் தெரிந்ததால் கூட்டத்திலிருந்து முன்னுக்கு வந்தார்.

அந்த நாளில் நடிகர்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை வாங்கிக் குறித்துச் சொல்வதற்கென்றே நிலையங்கள் இருந்தன. வேலை தேடுகிறவர்கள் தெருமுனை போனிலிருந்து கூப்பிட்டு, தங்களுக்கு ஏதாவது வந்ததா என்று கேட்பார்கள். ஹார்லன் கேட்கும்போதெல்லாம் பதில் சொன்னது ஒரே பெண்ணின் குரல்தான்.

“டோபின்ஸ் பேசறேன். ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரலைங்க.”

மறுநாளும் ஒன்றும் வராது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

ஒருநாள் அந்தப் பெண் பொறுக்க முடியாமல், “ஏங்க, தினம் கூப்பிட்டு ஏன் காசைக் கரைக்கறீங்க? வந்தா நானே எப்படியாவது சொல்லி அனுப்ப மாட்டேனா?” என்றாள்.

“வேலைக்காகத்தான் கூப்பிடறேன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அவள் பெயர் வில்மா. அடுத்த வசந்தத்தில் திருமணம் நடந்தது. பையன் பிறந்தான். ரோலண்ட் என்று பெயர் வைத்தார்கள், வீட்டில் ரோலி.

ரோலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மாலை, தொலைக்காட்சியில் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு புழுதியில் சாய்வதைப் பார்த்துவிட்டான். அப்பா அப்போது சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பையன் போட்ட அலறலில் நான் தெருவைத் தாண்டி ஓடினேன். உள்ளே போனால் ஹார்லன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பையன் அவர் சட்டையைத் திறந்து, குண்டு பட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பெட்டிக்குள் ஹார்லன் விழுந்ததும் ரோலி திரும்பிப் பார்க்காமலே கூப்பிடுவான்: “அப்பா!”

சமையலறையிலிருந்து பதில் வரும்: “இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்.”

பையனுக்கு மீசை முளைத்த பிறகும் இது நிற்கவில்லை. அப்போது பயம் போய் விளையாட்டாகிவிட்டது. அவன் சோம்பலாக “அப்பா” என்பான். இவர் கொட்டாவி விட்டுக்கொண்டே “இருக்கேன்டா” என்பார். வில்மா தைத்துக்கொண்டே சிரிப்பாள். விருந்தாளியாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

ரோலி வியட்நாமுக்குப் போனான். அங்கே மழைக்காலம் தொடங்கும்போது இறந்தான்.

செய்தி சொல்ல ராணுவத்துக்காரர்கள் இருவர் வீட்டுக்கு வந்த காலையில் ஹார்லன் ஊரில் இல்லை. லங்காஸ்டருக்கு அப்பால் பாலைவனத்தில், ஒரு வண்டிச் சக்கரத்துக்குக் கீழே பிணமாகப் படுத்திருந்தார். வில்மா போன் செய்தாள். செய்தி படப்பிடிப்பு இடத்துக்குப் போனது. காட்சியை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று அங்கே யாரோ முடிவு செய்தார்கள். மதியம் வரைக்கும் அவர் பிணமாகவே கிடந்தார். ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது, அசையவில்லை. நல்ல பிணம் என்று இயக்குநர் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் மேஜை முழுக்க இருந்தன. வில்மா காலையிலிருந்து அதே நாற்காலியில் இருந்தாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் இன்னும் படத்துப் புழுதி இருந்தது.

அடக்கத்தின் போதும் அவர் அழவில்லை. சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்த தேசியக் கொடியை மடித்து வில்மா கையில் கொடுத்தார்கள். ஹார்லன் அவளுக்குப் பக்கத்தில் நேராக நின்றார். வில்மாவின் அண்ணன் எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: “இந்த ஆளுக்குக் கண்ணீர் வரணும்னா யாராவது ‘ஆக்‌ஷன்’னு கத்தணும் போலிருக்கு.”

ஹார்லனுக்கும் அது கேட்டது.

பையனைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. வில்மா பேச ஆரம்பித்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அவர் சாகிற காட்சி தொலைக்காட்சியில் வந்தால், விழுவதற்கு முன்னாலேயே வில்மா போய்ப் பெட்டியை அணைத்துவிடுவாள். விழுந்த பிறகு வரும் அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. என் மனைவியிடம் ஒருமுறை சொன்னாளாம்: “ஹார்லன் அழணும்னு நான் கேக்கலை. அவன் முகத்துல ஒரு தடவை ரோலியைப் பாக்கணும். அவ்வளவுதான். நான் மட்டும்தான் பெத்தேனான்னு இருக்கு எனக்கு.”

இப்படி ஐந்து வருடம் போயிற்று. அப்போது வந்தது அந்தப் படம்.

தொலைக்காட்சி இல்லை, தியேட்டருக்கான படம். டெரெக் ஹால்ஸ்டன் துப்பறிபவராக நடித்தார். அந்த வருடம் ஹால்ஸ்டன் முகம் இல்லாத சுவரே ஊரில் இல்லை. கதையில் அவர் ஒரு வீட்டுக்கு வருவார். அங்கே மகனைப் பறிகொடுத்த விவசாயி ஒருவர், சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பையன் எப்படிப்பட்டவன் என்று சொல்வார். வசனம் நீளமானது, முழுக்க விவசாயியுடையது. ஹால்ஸ்டன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விவசாயி வேடம் ஹார்லனுக்குக் கிடைத்தது.

அவருடைய ஏஜென்ட் போனில் குதித்தான். “இனிமே நீ குதிரையிலேருந்து விழவே வேண்டாம்யா. திரை பூரா உன் முகம்தான். குளோஸப்! உன் வாழ்நாள்ல உனக்குக் குளோஸப் வெச்சிருக்காங்களா?”

“வெச்சிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்.”

ஹார்லன் வசனம் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு, எதிராளியின் வசனங்களை வில்மா படிப்பாள். ஷெரீஃபாகவும் கொள்ளைக்காரனாகவும் அவள் எத்தனையோ முறை கணவனைச் சுட்டிருக்கிறாள். இந்தத் தடவை அவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

நான் ஏணி இரவல் வாங்க அங்கே போயிருந்தேன். வில்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“எனக்குத் தெரியக்கூடாத அப்படி என்ன வசனம்?”

ஹார்லன் காகிதத்தைத் திருப்பி வைத்தார். “ஒரு அப்பா. பையன் செத்துட்டான். அவனைப் பத்திப் பேசறாரு.”

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள்.

“பேசுவியா?”

“எழுதியிருக்கிறதைப் பேசுவேன்.”

“உன்னால முடியுமா?”

“தெரியலை. முடியணும் வில்மா. இதுல முடியலைன்னா அப்புறம் எதுலயும் இல்லை.”

“சரி. நான் தியேட்டர்லயே வந்து பாத்துக்கறேன்.” போகத் திரும்பியவள் நின்றாள். “முகத்தை மட்டும் கீழ குனிஞ்சுக்காதே. நீ எப்பவும் குனிஞ்சுக்குவே. தொப்பி மறைச்சிடும்.”

“இதுல தொப்பி இல்லை.”

“நல்லதாப் போச்சு.”

அந்தக் காட்சியை எடுத்த அன்று மைக் பிடித்தது நான்தான். எங்கள் தொழிலில் இரண்டு பேர் பேசுகிற காட்சியை எடுக்கும் விதம் இது. முதலில் இருவரும் சேர்ந்து தெரியும்படி ஒரு தடவை எடுப்பார்கள். பிறகு கேமராவை ஒருவர் முகத்துக்கு நேராக வைத்து அவரை மட்டும் எடுப்பார்கள். அப்போது மற்றவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவர் படத்தில் தெரியமாட்டார். எதிரில் இருப்பவருக்குப் பேச ஒரு முகம் வேண்டுமே, அதற்காக. பின்பு விளக்குகளையெல்லாம் மாற்றி, கேமராவைத் திருப்பி, இவரை எடுப்பார்கள். யாரை முதலில் எடுப்பது என்றால் பெரிய நடிகரைத்தான். அவர் களைப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பல பேர் வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். தன் முறைக்காகத் தொண்டையைப் பத்திரப்படுத்துவார்கள். அது புத்திசாலித்தனம். பெரிய நடிகர்கள் நிற்கவே மாட்டார்கள். வசனக் காகிதம் வைத்திருக்கும் பெண் அவர்களுக்குப் பதிலாகப் படித்துவிடுவாள். ஹார்லன் அப்படி இல்லை. இரண்டே வரி இருந்தாலும், படத்தில் தெரியாவிட்டாலும், முழுதாக நடிப்பார். “எதிர்ல இருக்கறவன் காத்துக்கிட்டயா பேசுவான்?” என்பார். இதைத் தெரிந்து ஒலிப்பதிவாளர் அவருக்காகத் தனியாக ஒரு மைக்கைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்.

இயக்குநர் ஆர்ட் ஜெலினெக். அதட்டிப் பேசாத மனிதர். ஹால்ஸ்டன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கேமரா அவருக்கு நேராக வந்தது. ஹார்லன் கேமராவின் இடப்பக்கம், விளக்குத் தண்டுக்கும் கேமராக்காரருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு நின்றார்.

ஒப்பனைக்காரி டாட்டி பஞ்சோடு வந்து ஹார்லனின் நெற்றியை ஒற்றினாள். “இங்க பாரு, கொஞ்சம் மிச்சம் வை. உன் பக்கம் இன்னும் வரலை.”

“மிச்சம் வைக்க இது என்ன சூப்பா?”

“சொல்றதைக் கேளு, பெரிசு. இது மூணு நிமிஷ வேலை இல்லை.”

அவர் தலையாட்டினார். மிச்சம் வைக்கத்தான் அவரும் நினைத்திருப்பார்.

ஆரம்பித்தார். பையன் கோழி வளர்த்தது, டிராக்டரைப் பள்ளத்தில் இறக்கியது, எல்லாம் எழுதியிருந்தபடிதான். குரலும் முதலில் சாதாரணமாகவே இருந்தது. நடுவில் எங்கேயோ அது மாறிவிட்டது. மாறிய இடம் எதுவென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, யாரோ கதவைத் திறந்து உள்ளே விட்டது போலிருந்தது. வசனம் முடியும் இடம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

“எங்கேயிருந்தாலும் அப்பான்னு ஒரு குரல் குடுப்பான். நான் சமையலறையிலேருந்து, இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்னு சொல்வேன். அது போதும் அவனுக்கு. திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இப்ப நான் கூப்பிடறேன்.”

எழுதியிருந்த காகிதத்தில் இது இல்லை.

அவர் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. அதை நான் பார்த்தேன், விளக்குப் பிடித்தவன் பார்த்தான், டாட்டி பார்த்தாள். கேமரா பார்க்கவில்லை. அதற்கு முதுகு இந்தப் பக்கம். அது ஹால்ஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்பாராத வார்த்தைகள் வந்ததும் ஹால்ஸ்டன் திடுக்கிட்டார், அப்புறம் அவர் முகம் மெதுவாக உடைந்தது. இரண்டு கண்களிலும் நீர் நிறைந்து ஒன்றில் மட்டும் வழிந்தது.

“கட்” என்றார் ஜெலினெக், வெகுநேரம் கழித்து. எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் வழக்கப்படி, படத்தில் இருந்தவருக்கு.

ஹால்ஸ்டன் எழுந்து வந்து ஹார்லனின் தோளைப் பிடித்தார். “யோவ் பெரியவரே, என்னய்யா பண்ணிட்டே என்னை?” உண்மையான அன்போடுதான் சொன்னார். பிறகு அவருக்கு வேறு இடத்தில் யாரையோ பார்க்க வேண்டியிருந்தது, காரில் ஏறிப் போய்விட்டார்.

விளக்குகளை மாற்றினார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. ஹார்லன் சாப்பிடவில்லை. காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிச் சுவரும் ஜன்னலும் மட்டும் உள்ள அந்தப் பொய்ச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

கேமரா அவருக்கு நேராக வந்தது. ஹால்ஸ்டன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக, வசனக் காகிதம் வைத்திருந்த பெண் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று துப்பறிபவரின் கேள்வியை மளிகைச் சாமான் படிப்பதுபோலப் படித்தாள். அது அவள் குற்றமில்லை. அவள் நடிகை இல்லை.

ஹார்லன் சொன்னார். கோழி, டிராக்டர், பள்ளம். எல்லாச் சொல்லும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

“நல்லாருக்கு. இன்னொண்ணு போகலாம்” என்றார் ஜெலினெக். இன்னொன்று எடுத்தார்கள். அதற்குப் பிறகும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முகம் இறுகிக்கொண்டே வந்தது, வறண்ட களிமண் மாதிரி. கடைசியில் இயக்குநர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தினார்.

“ஹார்லன், காலையில பண்ணினியே, அதேதான் வேணும்.”

“காலையில என்ன பண்ணினேன்?”

“கடைசியில ஏதோ சேர்த்துச் சொன்னியே. அதைச் சொல்லு.”

ஹார்லன், “அதை இன்னொரு தடவை சொல்லக்கூடாதுங்க” என்றார். பிறகு, “சொல்லிப் பாக்கறேன்” என்றார். சொல்லியும் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஹெட்போனில் அவர் எச்சில் விழுங்குவது மட்டும் கேட்டது.

டாட்டி ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்தாள். கண்ணில் ஊதினால் நீர் வரும்; எங்கள் தொழிலில் எல்லோரும் உபயோகிப்பதுதான். ஹார்லன் அவள் கையை மெல்ல நகர்த்தினார். “இதுக்கு வேண்டாம், டாட்டி.”

“கிடைச்சிடுச்சு, ஹார்லன்” என்றார் ஜெலினெக் முடிவில். கிடைக்காதபோது எங்கள் ஆட்கள் சொல்வது அது. ஒரு நடிகரின் கடைசிக் காட்சி முடிந்தால் உதவி இயக்குநர் அவர் பெயரை உரக்கச் சொல்வார், எல்லாரும் கைதட்டுவார்கள். அன்றும் சொன்னார். தட்டினோம். ஹார்லன் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

படம் வந்தபோது வான் நைஸ் பெரிய சாலையிலுள்ள தியேட்டருக்கு ஹார்லன், வில்மா, நான், என் மனைவி நால்வரும் போனோம். வில்மா நீலக் கோட்டு அணிந்திருந்தாள், தலைமுடியைக் கடையில் சுருட்டிவிட்டு வந்திருந்தாள். ஹார்லன் வழியில் ஏதும் சொல்லவில்லை. தன் பக்கம் சரியாக வரவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் ஹார்லனின் முதுகு, பிடரி, ஒரு காது. ஒரு கண நேரம் அவர் முகம். கோழி என்ற சொல்லோடு அது போய்விட்டது. அதற்குப் பிறகு திரை முழுக்க ஹால்ஸ்டன். அவர் முகத்தின் மேல் ஹார்லனின் குரல் ஓடியது. ஜெலினெக் வேறு என்ன செய்வார்? நல்ல முகம் ஒன்று இருந்தது, நல்ல குரல் ஒன்று இருந்தது. அவை வேறு வேறு ஆட்களிடம் இருந்தன.

“இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்” என்றது குரல். தியேட்டரில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வில்மா நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விதத்தை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

வெளியே, கார் நிறுத்தும் இடத்தில் அவள் நின்றாள்.

“யாருக்குச் சொன்னே அதை?”

“அது வசனம், வில்மா—”

“வசனம் இல்லை அது. என் வீடு அது. அஞ்சு வருஷமா நான் அந்தச் சமையலறையில உக்காந்திருக்கேன் ஹார்லன். உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வருமான்னு. அதைக் கொண்டுபோய் அந்த ஆளுக்குக் குடுத்திருக்கே. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு.”

“அவன் பக்கம் எடுக்கறப்ப வந்துடுச்சு. என் பக்கம் திரும்பினப்ப ஒண்ணுமே இல்லை. தேடிப் பாத்தேன். இல்லை.”

“நான் உன் முகத்தைப் பாக்கத்தானே வந்தேன்.” அவள் குரல் தணிந்துவிட்டது. “எவன் எவனோ அழறான். அதைப் பாக்கவா தலையைச் சுருட்டிக்கிட்டு வந்தேன்?”

அந்த வாரமே அவள் பேக்கர்ஸ்ஃபீல்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வந்தாள். வந்தபோது அவர் வாசலில் இருந்தார். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். அது பற்றி இருவரும் பின்னால் பேசவில்லை.

அந்தப் படத்துக்காக ஹால்ஸ்டனுக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் தன் தாயாருக்கும் இயக்குநருக்கும் தன் நாய்க்கும் நன்றி சொன்னார். எங்கள் தெருவே கொதித்தது. “உன் பேரைச் சொல்ல வாய் வரலையே அந்த ஆளுக்கு!” என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

“நாய் நல்ல நாய்” என்றார் ஹார்லன். “படப்பிடிப்புக்கு வரும். நான் பார்த்திருக்கேன்.”

அதன் பிறகு அவர் நீதிபதியாக வந்தார், பாதிரியாராக வந்தார், வயதாகிவிட்டதால் மாரடைப்பில் செத்தார். அழைப்புகள் குறைந்தன. கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அப்போதும் முழுதாகத்தான் பேசினார். சில வருடங்களில் தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்றார். சளி இல்லை. அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருந்த துளையை வில்மா பின்னிய மெல்லிய துணியால் மறைத்துக்கொள்வார். பேச்சு போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் மேஜையைக் கரண்டியால் தட்டுவார்.

“முன்னாடி மட்டும் பேசிக் கிழிச்சானாக்கும்” என்பாள் வில்மா. அவர் தோள் குலுங்கும். சத்தமில்லாத சிரிப்பு.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி தமாலே என்கிற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். ஹார்லனால் விழுங்க முடியாது. ஆனாலும் வாசனை பிடிக்கும். அவர் முன்னறையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. ஹால்ஸ்டன் ஒரு பண்ணை வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

அது எந்தப் படமென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்து பெட்டியை அணைக்கப் போனேன்.

“வேண்டாம் ரூபன்” என்றாள் வில்மா சமையலறை வாசலிலிருந்து. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “கொஞ்சம் சத்தமா வை.”

கூட்டினேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்தாள். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, ஹார்லனுக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டும்படி போட்டு உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத குரல். கோழி வளர்த்ததைச் சொன்னது, டிராக்டர் பள்ளத்தில் இறங்கியதைச் சொன்னது. ஹார்லனின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. காகிதத்தில் இருந்தது, இல்லாதது எல்லாவற்றுக்கும் அசைந்தன. அவர் குனியப் போனார். வில்மா இரண்டு விரலை அவர் மோவாய்க்குக் கீழே வைத்து நிமிர்த்தினாள்.

“இப்ப நான் கூப்பிடறேன்” என்றது பெட்டி.

அவர் முகத்தை நான் இருந்த இடத்திலிருந்து பக்கவாட்டில்தான் பார்க்க முடிந்தது. அது படப்பிடிப்பு அன்று காலையில் நான் பார்த்த முகம். வயதும் நோயும் கூடியிருந்தன, அவ்வளவுதான். நீர் கன்னத்தில் இறங்கி, கழுத்துத் துணியை நனைத்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை.

காட்சி முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது. குறைக்க யாரும் எழவில்லை.

“பாத்துட்டேன், ஹார்லன்” என்றாள் வில்மா.

அவர் பிப்ரவரி முடிவதற்குள் இறந்துவிட்டார். படுக்கையில், தூக்கத்தில், விழாமல்.